அப்கிரேடு கேட்கும் பயணிக்கு என்ன பதில் சொல்வது?

"சார், கேபின் அப்கிரேடு ஏதாவது பண்ணித் தருவீங்களா?"

கப்பல் பயண புக்கிங் மேசையில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி உங்களைத் தேடி வந்துவிடும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பலர் சொல்லும் பதில், "கடைசி நேரத்துல கிடைக்கும் சார், பார்த்துக்கலாம்" என்பது. இந்த ஒரு வரியை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு அது பேச்சுவாக்கில் வந்த ஆறுதல். கேட்டவருக்கு அது வாக்கு. கப்பல் ஏறிய அன்று ஜன்னல் இல்லாத அறையின் கதவைத் திறக்கும்போது அவருக்கு முதலில் ஞாபகம் வருவது உங்கள் குரல்தான்.

சிங்கப்பூர் மரீனா பே கப்பல் முனையத்திலிருந்து கிளம்பும் 3 இரவு, 4 இரவுப் பயணங்களைக் கேட்டு நம் ஊர் டிராவல் ஆபீசுக்கு ஆட்கள் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 2022 ஜூனில் கார்டிலியா எம்பிரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கிளம்பியது. மறு வருடம் அதே கப்பல் இலங்கைக்கும் போய்வந்தது. விமான டிக்கெட் போடத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கப்பல் கேபினைப் பற்றி விவரமாகப் பேசத் தெரிந்தவர்கள் குறைவு. இந்த வேலையில் நிலைத்து மேலே வர நினைக்கிறவர்கள் அப்கிரேடு விஷயத்தை அடி முதல் நுனி வரை தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரின் நம்பிக்கை கூடுவதும் குறைவதும் இந்த இடத்தில்தான்.

விமானக் கணக்கு கப்பலில் செல்லாது

விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர்கள், பிசினஸ் கிளாசில் காலி சீட்டு இருந்தால் தூக்கி உட்காரவைப்பார்கள் என்ற நினைப்போடு வருவார்கள். கப்பலில் காலி என்பதே அபூர்வம். ஒரு கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கப்பல்காரர்கள் 100 சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள். மூன்றாவது, நான்காவது படுக்கையில் குழந்தைகள் வந்தால் அது 100-ஐத் தாண்டும். பெரிய நிறுவனங்களின் கப்பல்கள் 100-க்கு மேலேயே ஓடுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. டிக்கெட் பணம் அவர்களுக்கு வருமானத்தின் ஒரு பகுதிதான். ஏறிய பிறகு பயணி குடிக்கிறார், சூதாட்டக் கூடத்தில் செலவழிக்கிறார், கரைச் சுற்றுலா எடுக்கிறார், ஸ்பாவுக்குப் போகிறார். ஆகவே படுக்கை காலியாகக் கிளம்புவதைவிட விலையைக் குறைத்தாவது விற்றுவிடுவார்கள்.

அப்படியானால் அப்கிரேடு எப்படி வருகிறது? மலிவான உள்ளறைகள் சில பயணங்களில் முதலில் தீர்ந்துவிடும். மேலே பால்கனி அறைகள் இன்னும் மிச்சம் இருக்கும். உள்ளறை கேட்டு இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது ஏற்கெனவே உள்ளறையில் இருப்பவரைக் கடல் ஜன்னல் அறைக்கும், அங்கே இருப்பவரைப் பால்கனிக்கும் நகர்த்தினால் கீழே இடம் பிறக்கும், அதை விற்றுவிடலாம். இலவச அப்கிரேடு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த நகர்த்தல்தான். பயணியின் பிறந்தநாள், திருமண நாள் எதுவும் இந்தக் கணக்கில் வராது. கேட்கிறவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். புரியும்படி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கேபின் வகைகள் பெரும்பாலான கப்பல்களில் நான்கு. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் ஓஷன் வியூ, பால்கனி, சூட். ஒவ்வொரு வகைக்குள்ளும் டெக், இடம், அளவைப் பொறுத்து பல கோடுகள், அதாவது குறியீடுகள், இருக்கும். நடுக்கப்பல் பால்கனிக்கு ஒரு கோடு, முன்புறப் பால்கனிக்கு இன்னொன்று, உயிர்காப்புப் படகு மறைக்கும் பால்கனிக்கு வேறொன்று. கப்பல்காரரின் பட்டியலில் கோடு ஒரு படி ஏறினாலே அது அப்கிரேடு. பயணி உள்ளறையிலிருந்து பால்கனிக்குப் போவதைத்தான் அப்கிரேடு என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். பிரச்சினைகளில் பாதி இங்கே ஆரம்பிக்கிறது.

பால்கனி என்றாலே கடல் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். ராயல் கரீபியன் 2009-இல் கொண்டுவந்த ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ் வகைக் கப்பல்களில், கப்பலுக்கு நடுவே உள்ள பூங்காவைப் பார்த்த பால்கனிகள் இருக்கின்றன. கதவைத் திறந்தால் செடிகளும் நடைபாதையும் தெரியும். 2014-இல் வந்த குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலின் உள்ளறைகளில் சுவரில் பெரிய திரை வைத்து வெளிக்கடலைக் காட்டுகிறார்கள். அதற்குப் பெயரே விர்ச்சுவல் பால்கனி. பெயரைப் படித்துவிட்டு விற்காதீர்கள். டெக் பிளானைப் பார்த்து விற்றுப் பழகுங்கள்.

நான் பாராட்டுச் சொன்ன அப்கிரேடு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்தது. ஒரு குடும்பம்: கணவன், மனைவி, முழங்கால் வலியுள்ள மாமியார், கல்லூரி படிக்கும் பெண். இரண்டு ஓஷன் வியூ கேபின்கள் போட்டுக் கொடுத்தேன். இரண்டும் நடுக்கப்பலில், லிஃப்டிலிருந்து பத்தடி தூரத்தில், பக்கத்துப் பக்கத்தில். டெக் பிளானைப் பிரின்ட் எடுத்து, பென்சிலால் வட்டமிட்டு, "அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை" என்று சொல்லி அனுப்பினேன்.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் சிஸ்டத்தில் பார்த்தால், பாட்டியும் பேத்தியும் தங்கும் கேபின் எண் மாறியிருந்தது. ஓஷன் வியூவிலிருந்து பால்கனி. பைசா செலவில்லை. சந்தோஷத்தில் உடனே போன் போட்டு, "உங்களுக்கு அதிர்ஷ்டம் மேடம், அப்கிரேடு ஆகியிருக்கு!" என்றேன். அவர்களுக்கும் சந்தோஷம். அந்த எண் எங்கே இருக்கிறது என்று டெக் பிளானில் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அது மூன்று டெக் மேலே, கப்பலின் முன்முனையில், லிஃப்டிலிருந்து நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. முன்முனை ஆட்டம் அதிகமுள்ள இடம். அந்த அம்மா நான்கு நாளும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவர மூச்சு வாங்க நடந்திருக்கிறார். கடைசி இரண்டு வேளை அறைக்கே உணவு வரவழைத்திருக்கிறார். திரும்பிவந்த மருமகள் என்னிடம் சத்தம் போடவில்லை. "நீங்க வட்டம் போட்டுக் காட்டின ரூம் எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கப்பல்காரர் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை. தவறு என்னுடையது. பல நிறுவனங்களின் புக்கிங் திரையில் அப்கிரேடு வேண்டுமா, வேண்டாமா என்று குறிக்க ஓர் இடம் உண்டு. பழக்கத்தில் "சரி" என்றே விட்டுவிடுவோம். "வேண்டாம்" என்று குறித்திருந்தால், அல்லது அழைத்து அந்தக் கேபினைப் பூட்டிவைக்கச் சொல்லியிருந்தால், அந்த அம்மாவின் அறை நகர்ந்திருக்காது. அன்றிலிருந்து ஒவ்வொரு புக்கிங்கிலும் வாடிக்கையாளரிடம் நேராக ஒன்றைக் கேட்கிறேன்: "இந்த அறை எண் முக்கியமா, அறையின் வகை முக்கியமா?" வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், அடுத்தடுத்த கேபின் எடுத்த குடும்பங்கள், கடல் ஆட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள், எல்லோருக்கும் எண்தான் முக்கியம். அவர்களுக்கு அப்கிரேடு குறியை அணைத்துவிடுங்கள்.

டெக் பிளானைப் படிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அறையைப் பார்த்தவுடன் அதற்கு மேலும் கீழும் உள்ள டெக்கைப் பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் அமைதி. மேலே நீச்சல்குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் வரும். கீழே தியேட்டரோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை இசை. ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளங்களின் நடுப்பகுதியில். இரண்டு கேபினுக்கு நடுவே கதவு இருப்பதாகக் குறி இருந்தால் குடும்பத்துக்கு வசதி. தெரியாதவர் பக்கத்தில் வந்தால் பேச்சுச் சத்தம் காதில் விழும்.

மலிவு விலையும் மறைந்திருக்கும் நிபந்தனையும்

கியாரண்டி கேபின் என்று ஒன்று விற்பார்கள். வகைக்குத்தான் உத்தரவாதம், எண் கிடையாது. ராயல் கரீபியனில் உள்ளறை கியாரண்டிக்கு இசட்ஐ என்றும், பால்கனி கியாரண்டிக்கு எக்ஸ்பி என்றும் கோடு. நீங்கள் வாங்கிய வகைக்குக் கீழே தரமாட்டார்கள். மேலே தரலாம், தராமலும் போகலாம். எண்ணைக் கப்பல்காரரே பின்னால் ஒதுக்குவார். விலை குறைவு என்பதால் விற்பது எளிது. "கியாரண்டி எடுத்தா அப்கிரேடு கிடைக்கும்" என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். யாருக்கும் பிடிக்காமல் மிச்சமான அறைகள் போய்ச்சேரும் இடமும் அதுதான்: படகு மறைக்கும் ஜன்னல், கோடிமுனை, சத்தமுள்ள டெக். நண்பர்கள் கூட்டமாகப் போகும் இளைஞர்களுக்கு, அறையில் தூங்க மட்டுமே போகிறவர்களுக்கு, கியாரண்டி நல்ல பேரம். பாட்டி, தாத்தாவோடு இரண்டு கேபின் எடுக்கும் குடும்பத்துக்கு அதைக் காட்டவே வேண்டாம். ஒன்று ஆறாம் டெக்கிலும் மற்றொன்று பத்தாம் டெக்கிலும் விழலாம்.

நான்கு பேர் ஒரே கேபினில் தங்கும் குடும்பத்துக்கு அப்கிரேடு வாய்ப்பு இன்னும் குறைவு. நான்கு படுக்கையுள்ள பால்கனிகள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அதோடு, ஆபத்து நேரத்தில் எந்தக் கேபின்காரர் எந்த இடத்தில் கூட வேண்டும், எந்தப் படகில் ஏற வேண்டும் என்பதெல்லாம் முன்பே பிரிக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கான தலைக்கணக்கு நிரம்பிவிட்டால், நான்கு படுக்கை அறை காலியாகவே இருந்தாலும் சிஸ்டம் அதை இருவருக்குத்தான் தரும். "ரூம் இருக்குன்னு நானே பார்த்தேன், ஏன் தரமாட்டேங்கறாங்க?" என்று வாடிக்கையாளர் கேட்டால் இந்தக் காரணத்தை விளக்குங்கள். பாதுகாப்பு விஷயம் என்று தெரிந்தால் ஒப்புக்கொள்வார்.

கப்பலின் வயதையும் பாருங்கள். கார்டிலியா எம்பிரஸ் 1990-இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் கடலில் இறங்கிய கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி அறைகள் குறைவு. சுமார் 800 கேபின் உள்ள அந்தக் கப்பலில் பால்கனிக்கு நகர்த்த இடமே பெரிதாகக் கிடையாது. அதில் பால்கனி ஆசைப்படுகிறவர் முதல் நாளிலேயே காசு கொடுத்து வாங்கிவிடுவதுதான் வழி. புதிய பெரிய கப்பல்களில் கதை வேறு. அங்கே கேபின்களில் பெரும்பகுதி பால்கனிதான். நகர்த்தல் அங்கேதான் நடக்கும்.

காசு கொடுத்து மேலே போவது

ஒரு ஏஜென்ட் தன் திறமையால் வாங்கித் தரக்கூடிய அப்கிரேடு ஒன்று உண்டு. அதைப் பலரும் கவனிப்பதே இல்லை. அது விலை இறக்கம்.

முழுப்பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி பயணத்துக்கு ஏறக்குறைய இரண்டு, மூன்று மாதம் முன்னால் வரும். நிறுவனத்துக்கு நிறுவனம், பயண நாட்களுக்கு ஏற்ப, இது மாறும். அதுவரை டெபாசிட் மட்டும் போட்டு வைத்தவர்கள் விலகுவார்கள். டிராவல் கம்பெனிகள் கூட்டமாகப் பிடித்துவைத்த குரூப் பிளாக்கில் விற்காத அறைகளும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் கப்பல்காரரிடம் திரும்பும். ஒரே வாரத்தில் நிறைய அறைகள் சந்தைக்கு வரும். சில பயணங்களில் பால்கனி விலை, உங்கள் வாடிக்கையாளர் ஆறு மாதம் முன்பு ஓஷன் வியூவுக்கு ஒப்புக்கொண்ட விலைக்குப் பக்கத்தில் இறங்கும். கடைசித் தேதிக்கு முன்னால் என்றால் பெரும்பாலும் புதிய விலைக்கு மாற்றிவிடலாம். எண்ணையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். பழைய சலுகை எதையாவது இழக்கிறோமா, டெபாசிட் திரும்ப வராத வகையா என்பதை மாற்றுவதற்கு முன்னால் படித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புக்கிங்குக்கும் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு காலண்டரில் ஒரு குறிப்பு போட்டு வையுங்கள். அன்று காலை ஐந்து நிமிடம் விலை பாருங்கள். வாடிக்கையாளர் கேட்காமலே நீங்கள் போன் செய்து, "இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பால்கனி வருகிறது, எடுக்கலாமா?" என்று கேட்டால், அவர் அடுத்த பயணத்துக்கு வேறு ஆபீஸ் படி ஏறமாட்டார்.

கடைசித் தேதிக்குப் பிறகு பெரும்பாலும் வருவது ஏலம்: மேல்வகை அறைக்கு இவ்வளவு கூடுதலாகத் தருகிறேன் என்று பயணி ஒரு தொகை சொல்வார், கப்பல்காரர் விரும்பினால் ஏற்பார். ராயல் கரீபியன் இதை ராயல்அப் என்கிறது, செலிப்ரிட்டி மூவ்அப் என்கிறது, நார்வீஜியன் அப்கிரேடு அட்வான்டேஜ் என்கிறது. அழைப்பு மின்னஞ்சலில் வரும், எல்லோருக்கும் வராது. புக்கிங்கில் ஆபீஸ் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அழைப்பு உங்கள் இன்பாக்சில் தூங்கும், வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அவருடைய மின்னஞ்சலைப் போடுங்கள்.

ஏலத் திரையில் காட்டும் தொகை தலைக்கு. இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 4 இரவுப் பயணம், ஓஷன் வியூவிலிருந்து பால்கனிக்கு மாற வாடிக்கையாளர் தலைக்கு 150 டாலருக்கு ஏலம் கேட்கிறார். ராயல்அப் போன்றவற்றில் கேபினுக்கு இரண்டு பேர் என்று கணக்கு; 300 டாலர் போகும். தனியாகப் போகிறவரும் இரண்டு பேருக்குக் கட்ட வேண்டும். ஓர் இரவுக்கு 75 டாலர் விழுகிறது. இப்போது பொது விற்பனையில் அதே இரண்டு அறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது 360 டாலர் என்றால், 60 டாலர் கூடக் கொடுத்து நேராக மாற்றிக்கொள்வதே மேல். அறை உறுதி, எண்ணும் நம் விருப்பம். ஏலத்தில் ஜெயித்தால் எந்த எண் வருகிறதோ அதுதான். ஏற்றுக்கொள்ளப்படும் வரை தொகையை மாற்றலாம், விலகலாம். ஏற்றுக்கொண்ட நிமிடம் கார்டில் பணம் போய்விடும், திரும்ப வராது. சூட்டுக்கு மாறினால் தினசரி டிப்ஸ் கட்டணமும் கூடும், அது ஏலத்தொகையில் சேராது. இரண்டு கேபின் எடுத்த குடும்பத்தில் ஒரு கேபின் ஜெயித்து மற்றது தோற்கலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவரைப் பொத்தானை அழுத்தவிட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் இயக்க வேண்டும். அது அணைந்திருந்தால் ஏலத்தொகை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பணம் போகாது. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கப்பல் ஏறும் நாளில் கவுண்டரில் கேட்பது? கேட்கலாம், தப்பில்லை. எப்போதாவது கடைசி நிமிடத்தில் வராதவரின் அறை இருக்கும். அதற்கும் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். அதை நம்பி யாரையும் உள்ளறையில் போட்டுவிடாதீர்கள். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்புகூட ஏலம் ஜெயிக்கும் என்பதால் லக்கேஜ் டேக்கைப் பாருங்கள். பழைய எண்ணோடு பிரின்ட் எடுத்திருந்தால் புதிய எண்ணைப் பேனாவால் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி பழைய அறை வாசலில் நிற்கும், மாற்றுத்துணி இல்லாமல் குடும்பம் புதிய அறையில் உட்கார்ந்திருக்கும்.

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். "அப்கிரேடு கிடைக்குமா?" என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: "நிச்சயமாகச் சொல்ல முடியாது சார். இப்போது எடுக்கிற அறையிலேயே நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்களா என்று பார்த்து எடுப்போம். விலை இறங்கினால் நானே கூப்பிடுகிறேன். ஏல மின்னஞ்சல் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்." சொன்னதை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவிடுகிறேன். பால்கனி இல்லாமல் பயணமே வேண்டாம் என்று நினைப்பவரிடம் ஓஷன் வியூவை விற்காதீர்கள், கமிஷன் எவ்வளவு வந்தாலும். ஒன்று பட்ஜெட்டைக் கூட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலை குறைந்த மாதத்துக்குத் தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

நாளைக் காலை மேசைக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் கிளம்பவிருக்கும் உங்கள் புக்கிங்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, அப்கிரேடு குறி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கும் புக்கிங்குகளை முதலில் பாருங்கள்.